மாப்பிள்ளை வண்டிக்கு ஒரு குடை

வீட்டில் குடை ஒன்றுதான் இருந்தது. அதை யாக்கூப் பைக்குக்குப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்.

அந்த வருஷத்தின் முதல் சாரல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தென்காசிச் சாரல் மற்ற ஊர் மழை மாதிரி மேலிருந்து கீழே விழுகிற நாணயமான மழை அல்ல. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு சேர்ந்து படுக்கைவசமாக வரும். யாக்கூப் பெட்ரோல் டேங்குக்குக் குடை பிடித்தார், சீட்டு நனைந்தது. சீட்டுக்குப் பிடித்தார், ஹெட்லைட் நனைந்தது. அவர் நனைவதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவர் உட்பட.

கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர் மனைவி சைதூன் பீவி. "பைக்கு நனைஞ்சா தொடச்சிக்கிடலாம். நீங்க நனைஞ்சா ஆஸ்பத்திரிக்குல்லா தூக்கணும். உள்ள வாங்க" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இது மாப்பிள்ளை வண்டி" என்றார் யாக்கூப்.

மாப்பிள்ளை உசாமாவுக்குச் சொந்த ஊர் வடகரை, வேலை துபாயில். யாக்கூபின் ஒரே மகள் ஜுஹைனாவை நிக்காஹ் செய்துகொண்டு மூன்று வாரம் ஊரில் இருந்தார். போவதற்கு முன்னால் ஒரு புது பைக் வாங்கினார். ஷோரூமிலிருந்து அதை அவருடைய பள்ளிக்கூடத் தோழன் முத்துராஜ் ஓட்டிவர, மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து மாமனார் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஆறடி உயரம். யாக்கூப் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும்.

"எங்க வீட்டுல ஓட்ட ஆளில்ல மாமா. இது இங்கனயே நிக்கட்டும். நீங்க எடுத்து ஓட்டுங்க" என்று சாவியை யாக்கூப் கையில் கொடுத்தார்.

யாக்கூப் என்ன விவரம் தெரியாதவரா? விருந்தில் "இன்னும் ஒரு துண்டு கறி வைக்கட்டா மாப்ள" என்று மாமனார் கேட்பதும், "போதும் மாமா" என்று மாப்பிள்ளை இலையை மறைப்பதும் முறை. அதேபோல "எடுத்து ஓட்டுங்க" என்று மாப்பிள்ளை சொல்வது முறை, ஓட்டாமல் இருப்பது மாமனாருக்கு முறை. பெண் கொடுத்தவன் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், மாப்பிள்ளை கையிலிருந்து ஒரு தீப்பெட்டிகூட வாங்கக் கூடாது என்பது அவருடைய வாப்பா காலத்துச் சட்டம். யாக்கூப் அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

தவிர, மாப்பிள்ளை அந்த பைக்கின் மேல் வைத்திருந்த அக்கறையை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். வாசலில் சொந்த வண்டி நிற்க, ஜுஹைனாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக ஆட்டோ பிடித்த மனிதர் அவர். ஜும்ஆ தொழுகைக்கு நடந்தே போனார். டயர் தேய்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. சொந்தக்காரனே தொடத் தயங்குகிற வண்டியை மாமனார் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாக்கூப் தனக்குள் யோசித்தார். யோசித்துவிட்டுச் சாவியைக் கொண்டுபோய் பீரோவில் ஜுஹைனாவின் நகைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

அவருக்கு ஐந்தருவியில் ஒரு சீசன் கடை இருந்தது. துண்டு, ட்ரவுசர், சிறுபிள்ளைகளுக்குப் பனியன். முன்பெல்லாம் ஒரு பழைய பைக்கில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவார். கல்யாணச் செலவில் அந்த பைக் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் "பழசாயிட்டு, குடுத்துட்டேன்" என்று கௌரவமாகச் சொல்லிவைத்தார். ஆனால் அதை வாங்கிய மெக்கானிக் முத்துராஜ்தான் மாப்பிள்ளையின் தோழன் என்பது நிக்காஹ் பந்தலில் அவனை வெள்ளைச் சட்டையோடு பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யாக்கூப் அவனைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

இப்போது பஸ்தான். சீசன் கூட்டத்தில் மூட்டையோடு படியில் தொங்கிப் போய், இறங்கி, சாரலில் நடப்பார். ஊருக்கெல்லாம் துண்டு விற்ற மனிதர் நாள் முழுக்க நனைந்த சட்டையோடு நின்றார்.

வாரத்துக்கு இரண்டு தடவை உசாமா வீடியோ காலில் வருவார். சலாம் முடிந்ததும் முதல் கேள்வி அதுதான். "பைக்கு எப்படி ஓடுது மாமா?"

"ஓடவே இல்ல மாப்ள. நீங்க வச்சுட்டுப் போன எடத்துலயே நிக்கி. கிலோமீட்டர் ஒண்ணுகூட ஏறல."

அந்தப் பக்கம் உசாமா நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். பிறகு, "நீங்க எடுக்கலாம்லா மாமா" என்று மெதுவாக வரும்.

"அது எப்படி, ஒங்க வண்டில்லா" என்பார் யாக்கூப். போனை வைத்ததும் மனைவியிடம் திரும்பி, "பாத்தியா, சோதிச்சுப் பாக்காரு" என்பார்.

அவரே சொல்லிவிட்டாரே, ஓட்டினால் என்ன என்று ஜுஹைனா பல தடவை கேட்டாள். சின்னப் பிள்ளைக்கு முறை தெரியவில்லை என்று யாக்கூப் விட்டுவிட்டார்.

குடை சரிப்படாது என்று தெரிந்த அன்று அவர் ஐந்தருவிக் கடைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து வந்து பைக்கை மூடினார். மறுநாள் கடையில் சரக்கெல்லாம் ஊறிப்போயிருந்தது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவன் காய்ந்த துண்டுக்குத்தான் காசு கொடுப்பான். நனைந்த துண்டு அவனிடமே இருக்கிறது. அன்று வியாபாரம் இல்லாமல் வீட்டுக்கு வந்தால், இங்கே காற்று தார்ப்பாய்க்குள் புகுந்து, அதைப் பாய்மரமாக விரித்து, பைக்கைக் குப்புறத் தள்ளியிருந்தது. இடது பக்கக் கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது.

யாக்கூப் கண்ணாடித் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. பிறகு தார்ப்பாயைப் பைக்கோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, குறுக்கே நாலு சுற்று. எந்தக் காற்றுக்கும் அசையாது. ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் பக்கத்து வீட்டு ஏட்டையா குத்தாலிங்கம். போலீசிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் விசாரணையிலிருந்து ஓய்வு பெறாதவர். மூடிக் கட்டிய ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா போக முடியவில்லை. ஒரு ஓரத்தை அவிழ்த்துத் தலையை உள்ளே விட்டார்.

"பாய், உள்ள காளான் வெளஞ்சிருக்குவே."

சீட்டு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. மீட்டருக்குள் நீர் கோத்து முள் தெரியவில்லை. செயின் செங்கல் நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் கட்டிய கட்டில் உள்ளே இருந்த ஈரம் வெளியேயும் போகவில்லை. லாக்கப்பில் கிடக்கிற கைதிக்கே காற்று விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, இந்த வண்டி என்ன பாவம் செய்தது என்று ஏட்டையா கேட்டார்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் ஜுஹைனா. முத்துராஜ் இப்போது புளியறையில் லாரி பட்டறை வைத்திருந்தான். அவனைக் கூப்பிட்டால் இங்கே பைக்கைப் பார்ப்பதற்குள் துபாய்க்குச் செய்தி போய்விடும். யாக்கூப் தலையை ஆட்டி மறுத்தார்.

"மெக்கானிக்கு எதுக்கு? எண்ணெய் தேய்ங்க" என்றார் குத்தாலிங்கம். "எண்ணெய் தேச்சுட்டுத்தான அருவியில போய் நிக்கோம்? எம்புட்டு நேரம் நின்னாலும் ஒடம்புக்கு ஒண்ணு செய்யுதா? தண்ணி வழுக்கிட்டு ஓடிருதுல்லா. வண்டிக்கும் அதேதான்வே."

குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் எவனும் இந்த வாதத்தை மறுக்க முடியாது. யாக்கூப் சமையலறையிலிருந்து நல்லெண்ணெய் டின்னை எடுத்து வந்தார். ஐந்தருவியில் மசாஜ்காரர்கள் தேய்ப்பதைச் சீசன் தவறாமல் பார்த்தவர் என்பதால் கைப்பக்குவம் நன்றாகவே இருந்தது. ஹேண்டிலில் தொடங்கி, டேங்கைத் தட்டித் தேய்த்து, செயினுக்கு வார்த்து, வயருக்கு நீவிவிட்டு, சக்கரக் கம்பி ஒவ்வொன்றாக உருவிவிட்டார். தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"எங்கள்ல புது மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளிக்குத்தான் எண்ணெய் தேய்ப்போம்" என்றார் குத்தாலிங்கம். "நீரு மாப்பிள்ளை வண்டிக்கே தேச்சுட்டேரு."

சாரல் அன்று ராத்திரி முழுக்கப் பெய்தது. விடிந்ததும் பால் வாங்கப் புறப்பட்ட ஏட்டையா, தெருவில் வழிந்திருந்த நல்லெண்ணெயில் கால் வைத்து, தான் சொன்ன யோசனையின் மேலேயே வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. குற்றவாளி யார் என்று யோசித்துப் பார்த்துப் புகார் கொடுக்காமல் விட்டுவிட்டார். எண்ணெய் வாசனைக்குப் பெருச்சாளி வந்தது. அது ஏட்டையா அளவுக்குப் பெருந்தன்மையானது அல்ல. நன்றாக ஊறிய வயர்களாகப் பார்த்துக் கடித்துப் போட்டது.

யாக்கூப் பீரோவைத் திறந்து சாவியை எடுத்து, பிஸ்மி சொல்லித் திருகிப் பார்த்தார். பைக்கிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அன்று சாயங்காலம் உசாமா போனில் சந்தோஷமாகச் சொன்னார். "மாமா, பத்து நாள் லீவு கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழம காலையில திருவனந்தபுரத்துல எறங்குதேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் யாக்கூப். அவர் முகத்தைப் பார்த்த சைதூன் பீவி யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பயந்துவிட்டாள்.

இனி ஒரு சொட்டுச் சாரல்கூட அதன் மேல் படக் கூடாது. பைக்கை வீட்டுக்குள் ஏற்றிவிடுவது என்று வியாழக்கிழமை முடிவானது. மூன்று படி, குறுகிய வாசல். பலகை போட்டு ஏற்றினார்கள். யாக்கூப் பின்னாலிருந்து தள்ள, இடுப்பில் கை வைத்துக்கொண்டு குத்தாலிங்கம் உத்தரவு போட்டார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது. எண்ணெய் பூசிய ஹேண்டில் நிலைக்குள் வழுக்கிக்கொண்டு போய், பாதியில் இறுகி நின்றது. முன்னால் தள்ளினால் போகவில்லை. பின்னால் இழுத்தால் வரவில்லை. முன்சக்கரம் வீட்டுக்குள்ளும் பின்சக்கரம் தெருவிலுமாக மாப்பிள்ளை வண்டி வாசலை அடைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கறிக்கடைக்காரர் கறியை பைக்குக்கு மேலாக நீட்டினார். சைதூன் பீவி உள்ளேயிருந்து வாங்கிக்கொண்டாள். வெளியே போக வேண்டியிருந்தபோது யாக்கூப் சீட்டின் மேல் ஒரு புதுத் துண்டை விரித்து, மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் தன் உடம்பு படாமல் எகிறித் தாண்டினார். கொல்லைப்புறம் ஒரு வாசல் இருந்தது. ஆனால் அது சாக்கடைச் சந்தில் திறக்கும். ஆறடி உயரப் புது மாப்பிள்ளையை, கையில் துபாய்ப் பெட்டியோடு, சாக்கடையைத் தாண்டி வாங்க என்று எப்படிக் கூப்பிடுவது?

போன் அடித்தது. விமானம் இறங்கிவிட்டது, டாக்ஸி பிடித்துவிட்டேன் என்றார் உசாமா.

யாக்கூப் பைக்குக்கு வெளியே படியில் உட்கார்ந்துவிட்டார். சைதூன் பீவி உள்ளேயிருந்து, இப்ப என்ன ஆயிட்டு, இரும்புதான என்று ஆறுதல் சொன்னாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள நம்மள நம்பி ஒரே ஒரு பொருளத்தான குடுத்தாரு சைதூனு. அதப் பாத்துக்கிடத் தெரியாதவன் மகளை எப்படி வளத்திருப்பான்னு நெனைக்க மாட்டாரா? அவ அங்கன போய் வாழணும்லா."

பைக்குக்காக அவர் பட்டதெல்லாம் பைக்குக்காக இல்லை என்று அப்போதுதான் சைதூன் பீவிக்குப் புரிந்தது. உள்ளே நின்ற ஜுஹைனா யாரிடமும் கேட்காமல் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

புளியறையிலிருந்து ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு முத்துராஜ் வந்து இறங்கியபோது வெயிலும் சாரலும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. அவன் தெருமுனையில் நின்று பார்த்தான். பக்கத்தில் வந்து பார்த்தான். குனிந்து மோந்து பார்த்தான்.

"எண்ணெய் யாரு தேச்சது?"

குத்தாலிங்கம் வானத்தைப் பார்த்தார்.

அவசரத்தில் வெறுங்கையோடு வந்திருந்த முத்துராஜ் சாவியை வாங்கி, பைக்கின் பக்கவாட்டில் மாட்டியிருந்த பெட்டியைத் திறந்தான். பெட்டிக்குள் ஷோரூமில் வைத்த ஸ்பேனர் எல்லாம் அப்படியே இருந்தது. அதோடு உறை பிரிக்காத ஒரு மழைக்கோட்டும் இருந்தது. அதை எடுத்துச் சீட்டில் போட்டான்.

"இதத் தொறக்கவே இல்லையா அண்ணாச்சி?"

"மாப்பிள்ளை பெட்டியை நாம தொறக்கலாமா" என்றார் யாக்கூப்.

முத்துராஜ் அவரை ஒரு தடவை பார்த்தான். பிறகு வேலையில் இறங்கினான். ஹேண்டிலைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை ஒரு பக்கமாகத் திருப்பினான். ராத்திரி முழுக்க அசையாத பைக் நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்து தெருவில் இறங்கியது. யாக்கூப் இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். ஹேண்டிலை நேராக்கி, வயர்களை ஒட்டுப் போட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, முத்துராஜ் கிக்கரை உதைத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. சைலன்சர் சூடேறியதும் தெரு முழுக்க அதிரசம் சுடுகிற வாசனை அடித்தது. குத்தாலிங்கம் கைதட்டினார்.

பூஞ்சை துடைத்தால் போய்விடும், செயினை ஊறவைத்துக் கழுவிக்கொள்ளலாம், கண்ணாடி நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான் முத்துராஜ். வண்டிக்கு வேறு ஒரு குறையும் இல்லை, ஓட்டாமல் வைத்ததுதான் குறை. இதைக் கேட்டு யாக்கூபின் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிவு வந்தது.

"ஏறி உக்காருங்க அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. பேட்டரி ஏறட்டும்."

"நானா? நீ ஓட்டு. இல்லன்னா மாப்பிள்ளை வந்து ஓட்டட்டும்."

சாரல் வலுத்தது. யாக்கூப் பழக்க தோஷத்தில் குடையை எடுக்க ஓடினார். முத்துராஜ் அவரைப் பிடித்து நிறுத்தி, மழைக்கோட்டின் உறையைக் கிழித்து, அவர் தடுக்கத் தடுக்க மாட்டிவிட்டான். பட்டனும் போட்டான். தோள் சரியாக உட்கார்ந்தது. கை மணிக்கட்டோடு நின்றது. கடைக்காரர்கள் எப்போதும் மறந்துவிடுகிற அவருடைய தொப்பைக்குக்கூட அதில் இடம் இருந்தது. அவர் மேல் சாரல் பட்டு வழிந்து கீழே போனது. சீசன் தொடங்கியதிலிருந்து அன்றுதான் அவருடைய சட்டை நனையவில்லை.

யாக்கூப் குனிந்து பார்த்தார், திரும்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஏமாத்திட்டான் முத்துராஜு, கோட்டுக் கடைக்காரன். இது என் அளவுல்லா இருக்கு. மாப்பிள்ளை ஆறடி ஆளு. இதப் போட்டுட்டு பைக்க ஓட்டுனா முழங்காலெல்லாம் நனைஞ்சிருமே. அவரு வாரதுக்குள்ள மாத்திரணும்."

முத்துராஜ் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினான்.

"அளவு சொல்லி வாங்குனது நாந்தான். ஒங்க மாப்பிள்ளைக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, அண்ணாச்சி."